எதற்கு வாட்ஸ்அப், எதற்குக் கடிதம்?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மரணச் செய்தி வருகிறது. சில நிமிடங்களில் கைகூப்பிய படங்களும் 'ஆழ்ந்த இரங்கல்' என்ற இரண்டு சொல்லும் திரையை நிரப்பிவிடுகின்றன. துக்க வீட்டில் அன்றைக்கு அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்க யாருக்கும் மனம் இருக்காது.

செய்தியைச் சொல்வதற்குக் கைபேசிதான் சரி. எப்போது எடுக்கிறார்கள், எந்த ஊரில் என்பது வெளியூர்க்காரர்களுக்கு உடனே தெரிந்தாக வேண்டும். முன்பு இந்த வேலையைத் தந்தி செய்தது. இந்தியாவில் அந்தச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. கருமாதிப் பத்திரிகை பிறகு நிதானமாகத் தபாலில் வரும். படித்ததும் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் வைப்பதில்லை. அவசரத்துக்கு ஒன்று, முறைக்கு ஒன்று என்பது நமக்குப் பழகிய வழக்கம்தான்.

ஆறுதல் சொல்வது வேறு. அதற்குக் கையால் எழுதிய நாலு வரிக்கு ஈடில்லை. நீளமாக எழுத வேண்டியதில்லை, தத்துவமும் வேண்டாம். இறந்தவரைப் பற்றி நமக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொன்னால் போதும். 'பள்ளிக்கூடம் திறக்கும்போது உங்கள் அப்பா எங்களுக்குக் கடனுக்கு நோட்டுகள் கொடுப்பார், ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை' என்று ஒரு வரி இருந்தால், அந்தப் பிள்ளைகள் அதை வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. தேதியும் ஊரும் மறக்காமல் எழுத வேண்டும்.

கல்யாணத்துக்கு மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதுதான் முறை. 'நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்' என்று படத்தோடு அனுப்புவது இப்போது சகஜமாகிவிட்டது. நண்பர்களுக்கு அது போதும். தாய்மாமனுக்கும் அத்தைக்கும் போதாது. போக முடியாவிட்டால் போன் செய்தாவது அழைக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பாட்டிக்குக் கடிதத்தைவிடக் குரல் பதிவு மேல்.

நட்புக்கும் நன்றிக்கும் காகிதம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இடைசெவல் சாட்சி. அந்த ஊர்க்காரர்களான எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சிறுவயதுத் தோழர்கள். அழகிரிசாமி 1970-இல் இறந்த பிறகும், அவர் எழுதிய கடிதங்களை கி.ரா. பாதுகாத்து வைத்திருந்ததால் அவை புத்தகமாகவே வந்தன. கைபேசி மாற்றும்போது தொலைந்துபோகும் செய்திகளுக்கு அந்த ஆயுள் கிடையாது.

அடுத்த முறை துக்கச் செய்தி வந்தால், அன்றைக்கே போனில் பேசிவிடுங்கள். பதினாறாம் நாளுக்குள் உங்கள் கடிதமும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.