மலை வீட்டுத் தோட்டத்திற்குக் கம்போஸ்ட் உரம்

உதகையை அடுத்த பெர்ன்ஹில் பகுதியில் வீட்டைச் சுற்றி இரண்டு சென்ட் நிலம் இருந்தால் போதும். காரட், பீட்ரூட், முட்டைக்கோசு, பீன்ஸ், பட்டாணி எனக் குடும்பத்திற்கு வேண்டிய காய்கறிகளில் பெரும்பகுதியை விளைவித்துக் கொள்ளலாம். ஆனால் சமவெளியில் இருந்து வந்து குடியேறியவர்கள் பலர், அங்கு செய்தது போலவே குழி தோண்டிக் குப்பையைக் கொட்டுகிறார்கள். மழை நீர் குழியில் தேங்குகிறது. குப்பை மக்காமல் அழுகி நாற்றம் எடுக்கிறது. மலையின் குளிரும், மழையும், மண்ணும் வேறு. அதற்கேற்ப முறையும் மாற வேண்டும்.

மண்ணின் தன்மை

உதகை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. தொடர் மழையால் மண்ணில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்து போய்விடுவதால் மண் புளிப்புத் தன்மை அடைகிறது. கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருப்பது சாதாரணம். இத்தகைய மண்ணில் இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. செடிக்குக் கிடைப்பது குறைவே. மேல்மண் கறுப்பாக இருப்பதைப் பார்த்து, 'உரம் எதற்கு?' என்று கேட்போரும் உண்டு. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்வதால், அந்தக் கறுப்பு மண்ணில் உள்ள சத்து எளிதில் வெளிப்படுவதில்லை.

குவியல் முறையே ஏற்றது

இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு, கம்போஸ்ட் தயாரிக்கும் முறையை ஒழுங்குபடுத்தியவர். வறண்ட காலத்திற்குக் குழியும், மழைக் காலத்திற்குத் தரைமேல் குவியலும் ஏற்றவை என்பது அவர் முறை. நீலகிரிக்குக் குவியலே பொருந்தும்.

நீர் வடியும் மேடான இடத்தில், ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ளதாகக் குவியலை அமைக்க வேண்டும். இதைவிடச் சிறியதானால் உள்ளே சூடு தங்காது. அடியில் குச்சிகளைப் பரப்பி, காய்ந்த இலை, சருகு ஒரு சாண், அதன்மேல் பச்சைப் புல், காய்கறிக் கழிவு நான்கு விரல்கிடை, பிறகு சாணக் கரைசல் என மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். கிக்கியூ புல்லை வேரோடு போட்டால் குவியலிலேயே தழைத்துவிடும். நன்கு உலர்த்திய பின்பே போட வேண்டும். யூகலிப்டஸ் இலையும் பைன் ஊசிகளும் மக்க நாளாகும் என்பதால் குறைவாகச் சேர்க்கலாம்.

நன்றாக அமைந்த குவியலின் நடுவில் சூடு 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும். சூடு தணிந்ததும் வெளிப்புறம் உள்ளே போகுமாறு கிளறிவிட வேண்டும். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வருவதே சரியான ஈரம். மேலே தகரமோ தார்ப்பாயோ மூடுவது அவசியம். குளிரால் இங்கு மக்குவதற்கு ஐந்தாறு மாதங்கள் ஆகலாம். சமைத்த உணவு, இறைச்சி, மீன் ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது. அவற்றின் வாடைக்குக் கரடியும் காட்டுப்பன்றியும் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

பாத்தி தயாரித்தல்

முதலில் தோட்டத்தின் பல இடங்களில் 15 செ.மீ. ஆழத்தில் மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை மண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதன் முடிவுப்படி டாலமைட் அல்லது சுண்ணாம்பை, விதைப்பதற்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்பே இட்டுக் கொத்திவிட வேண்டும். சுண்ணாம்பையும் புதுச் சாணத்தையும் ஒன்றாக இட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். புளிப்பு மண்ணில் முட்டைக்கோசுக்கு வேர்வீக்க நோய் எளிதில் வரும். சுண்ணாம்பு அதைக் குறைக்கும். ஆனால் சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் உருளைக்கிழங்கிற்குச் சொறி நோய் வரும். ஆகவே கண்ணளவில் அள்ளிப் போடுவது தவறு.

மண்ணை 30 செ.மீ. ஆழம் கொத்தி, சரிவுக்குக் குறுக்கே ஒரு மீட்டர் அகல மேட்டுப் பாத்திகள் அமைக்க வேண்டும். உதகையில் 1954-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் வலியுறுத்துவதும் சரிவுக்குக் குறுக்கே பயிரிடுவதைத்தான். மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால், பாடுபட்டுச் செய்த உரம் ஒரே மழையில் ஓடைக்குப் போகும். சென்ட் ஒன்றுக்கு 100 கிலோ மக்கிய உரம் போதும். காரட்டுக்கு மக்காத உரம் இட்டால் கிழங்கு கவைவிட்டுப் போகும்.

வெளி மண் வேண்டாம்

பாத்தியை உயர்த்த, உருளைக்கிழங்கு நிலத்திலிருந்து மண் வாங்கிக் கொட்டுவது ஆபத்தானது. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961-ல், உதகை விஜயநகரம் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. குண்டூசித் தலையளவுள்ள ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். இதைத் தாங்கி வளரும் குப்ரி ஸ்வர்ணா ரகம் 1985-ல் வெளியிடப்பட்டது. ஆனாலும் புழு புகுந்த மண்ணை முற்றிலும் சுத்தம் செய்வது அரிது. வீட்டுக் குவியலின் ஓரங்களில் போதிய சூடு ஏறாது என்பதால், மண் ஒட்டிய உருளைக்கிழங்குத் தோலையும் செடிகளையும் கம்போஸ்டில் சேர்க்காமல் விடுவதே நல்லது. இரவல் வாங்கும் மண்வெட்டியையும் கழுவிய பிறகே தோட்டத்தில் இறக்க வேண்டும்.

ஒரு கூடை மண்ணை வெளியிலிருந்து கொண்டுவருவது எளிது. அதனோடு வந்த புழுவை வெளியேற்றுவது எளிதல்ல. தோட்டத்துச் சருகும், அடுக்களைக் கழிவும், ஆறு மாதப் பொறுமையும் இருந்தால் பாத்திக்கு வேண்டிய உரம் வீட்டிலேயே கிடைத்துவிடும்.