மானியம் பறந்தது, விமானம் நின்றது!

லாசுப்பேட்டையிலே விமானம் இறங்கிற்று என்றார்கள், மகிழ்ந்தோம். நின்றுவிட்டது என்றார்கள், வருந்தினோம். மீண்டும் வருகிறது என்றார்கள், மாலையோடு ஓடினோம். மீண்டும் நின்றது என்றார்கள். வாடிய மாலையோடு வீடு திரும்பினோம். இப்படி எத்தனை முறை? எண்ணிப் பார்ப்போம், தோழர்களே! வாரக் கூலியை எண்ணிப் பார்க்காமல் மடியிலே கட்டியவன் நம்மில் எவன்?

1989இல் வாயுதூத் வந்தது; சில காலம் பறந்தது; நின்றது. 2013 ஜனவரியில் புதிய முனையம் திறந்தார்கள். பெங்களூருக்கு ஸ்பைஸ்ஜெட் கிளம்பிற்று. மறு ஆண்டே நின்றது. 2015இல் ஏர் இந்தியாவின் துணை நிறுவனமான அலையன்ஸ் ஏர் வந்தது. அதே ஆண்டு நின்றது. 2017 ஆகஸ்ட் 16இல் ஐதராபாத்துக்கு மீண்டும் ஸ்பைஸ்ஜெட். 1962இல் பிரெஞ்சுக்காரன் புதுவையைச் சட்டப்படி ஒப்படைத்த அதே ஆகஸ்ட் 16! கொரோனா வந்தது, நின்றது. 2022 மார்ச்சில் தொடங்கிற்று; 2024 மார்ச்சோடு நின்றது. 2024 டிசம்பர் 20இல் இண்டிகோ வந்தது, பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும்.

வந்ததும் நின்றதும் இத்தனை முறை. ஆனால் கட்டிய கட்டடம் அங்கேயே நின்றது. போட்ட ஓடுபாதை அங்கேயே கிடந்தது. விமானம் வராத நாளிலும் காவல் நின்றது, விளக்கு எரிந்தது, செலவு நடந்தது. யார் பணம் அது? வான்வழி வந்த பணமா? வரிவழி வந்த பணம்! தீப்பெட்டி வாங்கும்போதும் வேட்டி வாங்கும்போதும் நாம் கொடுத்த பணம்!

அதனால்தான் சொல்லுகிறோம்: மானியம் என்பது பிச்சை அல்ல, கொடுத்தவன் வள்ளலும் அல்ல. நம் பணம் நம்மிடம் திரும்புகிறது. திரும்பும் வழியிலே எங்கே தங்குகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

செருப்புக் காலும் விமானப் படியும்

சிற்றூர் விமான நிலையங்களுக்கென்று மத்திய அரசு வகுத்த திட்டத்துக்குப் பெயர் ‘உடான்’. பெயர் இந்தி, பொருள், நாட்டின் சாதாரணக் குடிமகன் பறக்கட்டும் என்பது. 2017 ஏப்ரல் 27இல் சிம்லாவிலே தொடங்கி வைத்த பிரதமர், ரப்பர் செருப்புப் போட்டவனையும் விமானத்திலே பார்க்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். நல்ல ஆசை. நாம் கேலி செய்யவில்லை. ரப்பர் செருப்பும் அறுந்துபோய் ஊக்குப் போட்டு நடக்கிறவனும் இந்த நாட்டிலே இருக்கிறான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

திட்டம் எப்படி நடக்கிறது? விமானத்திலே பாதி இருக்கை அளவுக்குக் கட்டணத்துக்கு உச்சவரம்பு. ஒரு மணி நேரப் பயணத்துக்குத் தொடக்கத்திலே வைத்தது 2,500 ரூபாய். அந்தக் கட்டணத்தால் கம்பெனிக்கு ஏற்படும் குறையை அரசு ஈடுகட்டும், மூன்று ஆண்டுகளுக்கு. அந்த ஈட்டுத் தொகையிலே மாநிலத்தின் பங்கு 100க்கு 20. புதுவை போன்ற ஒன்றியப் பகுதிகளுக்கு 100க்கு 10. அதோடு முடிந்ததா? விமான எரிபொருள் மீது மாநில வரியை 100க்கு 1 என்று குறைக்க வேண்டும். காவலும் தீயணைப்பும் இலவசமாகத் தர வேண்டும். நிலம் வேண்டுமென்றால் நிலத்தையும் இலவசமாகத் தர வேண்டும். பழைய ஓடுதளங்களைச் செப்பனிட 4,500 கோடி ரூபாய் ஒதுக்கியது மத்திய அரசு.

பணம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. பலன்? நாம் சொன்னால் எதிர்க்கட்சிப் பேச்சு என்பார்கள். மத்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 2023இல் நாடாளுமன்றத்திலே வைக்கப்பட்டது, சொல்லட்டும். முதல் மூன்று சுற்றுகளில் வழங்கிய தடங்கள் 774. அவற்றில் பறக்கவே தொடங்காதவை 403. தொடங்கிய 371இல் மூன்றாண்டை முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச் வரை நிலைத்தவை வெறும் 54! நூறு கன்று நட்டான். ஏழு மரம் நின்றது. மீதிக்குக் கட்டிய வேலிக்குக் கணக்கு எழுதினான் என்றால், அந்தத் தோட்டக்காரனை வீட்டிலே வைத்துக்கொள்வோமா?

சேலத்தைப் பாருங்கள். 1993இல் திறந்த நிலையம். பல காலம் பறவைக்கு மட்டும் பயன்பட்டது. 2018 மார்ச்சில் இத்திட்டத்தால் சென்னைக்கு விமானம் வந்தது, பிறகு நின்றது, 2023 அக்டோபரில்தான் மீண்டும் வந்தது. புதுவைக் கதையேதான்; ஊர்ப்பெயர் மட்டும் வேறு!

அமெரிக்காவிலே 1978இல் விமானத் தொழிலைக் கட்டவிழ்த்து விட்டபோது, சிற்றூர்கள் கைவிடப்படும் என்று அஞ்சினார்கள். அதனால் குறிப்பிட்ட ஊர்களுக்கு விமானம் போய்த் தீர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிப் பணமும் ஒதுக்கினார்கள். காலி இருக்கைக்கா காசு என்ற சண்டை அங்கும் உண்டு. ஆனாலும் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: கட்டடத்துக்குக் கொடுப்பது வேறு, சேவைக்குக் கொடுப்பது வேறு. கல்யாண மண்டபம் கட்டிவிட்டால் கல்யாணம் நடந்துவிடாது!

வெள்ளையன் போட்ட கோடு

புதுவையின் நோய்க்கு இன்னொரு காரணமும் உண்டு. லாசுப்பேட்டை ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். எழுபது, எண்பது பேர் ஏறும் விசிறி விமானம் இறங்கலாம். 180 பேர் ஏறும் ஜெட் விமானம் இறங்க அந்த நீளம் போதாது. பெரிய விமானம் வந்தால் செலவைப் பலர் தலையில் பகிரலாம், கட்டணமும் குறையலாம். நீட்டலாமே என்றால், சற்று நகர்ந்தால் விழுப்புரம் மாவட்டம், அது தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் தங்கள் வசதிக்குப் போட்ட கோடு, அவர்கள் கப்பலேறிய பிறகும் நம் ஓடுபாதையின் குறுக்கே கிடக்கிறது!

அந்த நிலத்தை வாங்கப் புதுவையிடம் பணம் ஏது? மாநிலங்களுக்கு நிதிக்குழு வரிப்பங்கை வகுக்கிறது. ஒன்றியப் பகுதியான புதுவைக்கு அந்தப் பந்தியிலே இலை இல்லை. மத்திய அரசு தரும் மானியத்தை எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டும். சட்டமன்றம் உண்டு, அமைச்சரவை உண்டு. சாவி மட்டும் டில்லியிலே உண்டு!

சரி, பணம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நிலத்திலே உழுகிறவன் யார்? குடியிருப்பவன் யார்? அவனும் நம் தமிழன்தான். அவன் வயிறும் நம் வயிறுதான். விமானம் ஏறுகிறவனுக்கு மானியம், நிலம் இழக்கிறவனுக்கு மனுக் காகிதம் என்றால் அதை ஏற்க மாட்டோம்.

மில்லுக்குப் பூட்டு

“ஆலை மூடிக் கிடக்கிறது, ஆகாய விமானம் எதற்கு?” என்று கேட்கும் தோழரின் குரல் நம் காதிலே விழுகிறது. நியாயமான கேள்வி. 1936 ஜூலை 30இல் 12 தொழிலாளர் குருதி சிந்தி உயிர் கொடுத்து உரிமை பெற்ற ஊர் இது. 1898இல் தோன்றிய ஏ.எஃப்.டி. ஆலை, ரோடியர் மில் என்று நம் பாட்டன்மார் அழைத்த ஆலை, 2020இல் மூடப்பட்டது. ஜிப்மருக்கு வரும் ஏழை நோயாளி பேருந்திலே வருகிறான், விமானத்திலே அல்ல.

ஆனாலும் விமானம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சென்னை நிலையம் 150 கிலோமீட்டர் தொலைவு. புதிய தொழில் வர, அதிலே நம் பிள்ளைக்கு வேலை வர, விமானம் உதவுமென்றால் வரட்டும். பணக்காரன் வண்டி என்று ரயிலை ஒதுக்கியிருந்தால், நாம் இன்னும் கட்டை வண்டியிலேதான் போய்க்கொண்டிருப்போம்!

வரட்டும்; ஆனால் கணக்கோடு வரட்டும். எத்தனை ரூபாய் மானியம், எத்தனை இருக்கை நிரம்பிற்று, எத்தனை நாள் பறந்தது என்று மாதந்தோறும் நிலைய வாசலிலே தமிழில் எழுதி ஒட்டட்டும். மானியம் வாங்கிய கம்பெனி இடையிலே நிறுத்தினால் பணத்தைத் திருப்பிக் கட்டட்டும். நிலம் தருகிறவன் கையிலே பணமும், அவன் வீட்டுப் பிள்ளைக்கு வேலையும் கொடுத்த பிறகு மண்வெட்டி விழட்டும். சுமை தூக்கவும் காவல் நிற்கவும் உள்ளூர்த் தொழிலாளி நிரந்தரச் சம்பளத்திலே சேரட்டும்.

லாசுப்பேட்டை என்ற பெயர், புதுவையை ஆண்ட லா துரையின் பெயரால் வந்தது என்பார்கள். அவருடைய பெரிய தந்தை முறையான ஜான் லா என்பவர்தான், 1720இல் காகிதப் பணத்தையும் பங்குப் பத்திரத்தையும் காட்டி பிரெஞ்சு மக்களை மயக்கி, ஒரே ஆண்டிலே அந்நாட்டுக் கருவூலத்தைக் கவிழ்த்தவர். காகிதத்திலே செல்வம் காட்டிய அந்தக் குடும்பத்தின் பெயர் ஊருக்கு இருந்துவிட்டுப் போகட்டும். காகிதத்திலே விமானம் காட்டும் வழக்கம் மட்டும் நமக்கு வேண்டாம்.

தோழர்களே! அடுத்த மானியம் அறிவிக்கப்படும் நாளிலே கை தட்டுமுன் கை நீட்டுங்கள், கணக்குக் கேட்டு!