ஃப்ரைபுர்க் நகரில் குடியேறலாமா?

நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய வீடுகளில் இப்போது ஜெர்மனி பற்றிய பேச்சு அடிபடுகிறது. மேற்படிப்புக்கோ வேலைக்கோ மகனோ மகளோ அங்கே போவதென்று ஆனதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதே. "எந்த ஊர்?" என்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிக் கேட்பது நல்லது என்பது என் கருத்து. ஃப்ரைபுர்க் என்ற நகரத்தை உதாரணமாக வைத்து அதை விளக்க முயல்கிறேன். மகள் குடும்பம் அங்கே வசிப்பதால் இருமுறை போய்த் தங்கியிருக்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்தவன் கண்ணோடு ஊரைச் சுற்றிப் பார்த்தும் இருக்கிறேன்.

ஃப்ரைபுர்க், ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கருங்காடு எனப்படும் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் மிக அருகில். மக்கள்தொகை சுமார் 2,30,000. அங்குள்ள பல்கலைக்கழகம் 1457-ல் நிறுவப்பட்டது. ஜெர்மனியில் வெயில் அதிகம் கிடைக்கும் ஊர்களில் இது ஒன்று என்பது நம்மவர்களுக்கு ஆறுதலான செய்தி.

1944 நவம்பர் 27-ஆம் தேதி இரவு நடந்த குண்டுவீச்சில் பழைய நகரின் பெரும்பகுதி தரைமட்டமானது. 116 மீட்டர் உயரமுள்ள தேவாலயக் கோபுரம் தப்பி நின்றது. இடிந்த ஊரை மறுபடி கட்டும்போது கார்களுக்காக அகலச் சாலைகள் போடாமல், பழைய குறுகிய தெருக்களின் அமைப்பிலேயே கட்டினார்கள். தெரு ஓரங்களில் சிறு வாய்க்கால்களில் இன்றும் தெளிந்த நீர் ஓடுகிறது. தவறி அதில் கால் வைத்தவர் அந்த ஊர்க்காரரையே மணப்பார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பெற்றோர்கள் கவனிக்க!

அடுத்த முடிவு டிராம் பற்றியது. சென்னையில் 1953-ல் டிராம் நின்றது. தில்லியில் 1963-லும் பம்பாயில் 1964-லும் அதே கதை. 1902 முதல் மின்சார டிராம் ஓடிய நம் கொல்கத்தாவிலும், ஒரு தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024-ல் மாநில அரசு அறிவித்தது. ஐரோப்பிய நகரங்கள் பலவும் இதே வழியில் போன காலத்தில், ஃப்ரைபுர்க் 1970-களின் தொடக்கத்தில் டிராமைக் காப்பாற்றி நீட்டிப்பதென்று தீர்மானித்தது. 1973-ல் பழைய நகரின் மையத்தில் கார்களைத் தடை செய்தார்கள். 1984-ல் மலிவான மாத பாஸ் வந்தது. முக்கிய ரயில் நிலையத்தில், பிளாட்பாரங்களுக்கு நேர் மேலே ஒரு பாலத்தில் டிராம் நிற்கிறது. ரயிலை விட்டு இறங்கி லிஃப்டில் ஏறினால் டிராம். எங்கள் துறையில் பல ஆண்டுகள் பேசியும் எத்தனையோ ஊர்களில் கைகூடாத வசதி இது.

வோபான் என்ற பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பிரெஞ்சு ராணுவ முகாமாக இருந்தது. 1992-ல் ராணுவம் வெளியேறிய பின் அங்கே குடியிருப்புகள் எழுந்தன. கார் வைத்திருப்பவர், பகுதியின் ஓரத்திலுள்ள பொது நிறுத்தக் கட்டடத்தில் இடம் வாங்க வேண்டும். வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. 2006-ல் டிராமும் வந்தது. உள்தெருக்களில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

இதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். முதலில், கார் வாங்கும் செலவு மிச்சம். இரண்டாவது, தொடக்கப்பள்ளிக் குழந்தை தானே நடந்து பள்ளிக்குப் போகிறது. கொண்டுவிடவும் அழைத்துவரவும் தாயின் பகல்பொழுது கரைவதில்லை. மூன்றாவது, முழங்கால் வலியுள்ள என்னைப் போன்றவர்களும் தாழ்தள டிராமில் யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க முடிகிறது. பிறர் துணையின்றிக் குழந்தையும் முதியவரும் வெளியே போய்வர முடிகிற ஊரே வாழத் தக்க ஊர் என்பேன். சம்பளச் சீட்டில் இந்த வரவு தெரியாது.

நம் ரயில்வேக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இங்கிருந்து கருங்காட்டுக்குள் ஏறும் ஹோலென்டால் ரயில்பாதை 1887-ல் திறக்கப்பட்டது. செங்குத்தான இடத்தில் சுமார் 18 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம். ஜெர்மன் ரயில்கள் வழக்கமாக 16.7 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடுபவை. அதற்கென்று தனி மின் உற்பத்தி வேண்டும். ஊருக்கெல்லாம் கிடைக்கும் சாதாரண 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ரயிலை ஓட்ட முடியுமா என்று 1936 முதல் இந்தப் பாதையில்தான் 20,000 வோல்ட்டில் சோதனை நடத்தினார்கள். போருக்குப் பின் இப்பகுதி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அவர்கள் அந்த அனுபவத்தைத் தம் நாட்டில் 25,000 வோல்ட் முறையாக வளர்த்தார்கள். அவர்களின் ஆலோசனையோடு 1957-ல் இந்திய ரயில்வே அதை ஏற்றது. ஹௌராவிலிருந்து சென்னைக்கு நாம் போகும் ரயிலை இழுப்பது இம்முறைதான்.

இனி, போகுமுன் அறிய வேண்டிய சங்கடங்கள்.

வீடு கிடைப்பது கடினம், வாடகையும் அதிகம். லேக் மார்க்கெட் பக்கம் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். மியூனிக், ஸ்டுட்கார்ட் போலப் பெரிய மோட்டார் தொழிற்சாலைகள் இங்கே இல்லை. பல்கலைக்கழகம், அதன் மருத்துவமனை, 1981-ல் தொடங்கிய சூரிய ஆற்றல் ஆய்வுக்கூடம் போன்றவையே முக்கிய வேலைவாய்ப்பு. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்பதும் இங்கே முழு உண்மை அல்ல. இந்த மாநிலத்தில் 2017 குளிர்காலப் பருவம் முதல், இந்தியர் உள்ளிட்ட பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது மொழி. ஹௌராவில் வந்து இறங்கியபோது நமக்கு வங்காளம் தெரியாது. காய்கறிக்காரரோடு பேரம் பேசியே கற்றுக்கொண்டோம். அங்கே பேரம் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம் போதும் என்பதால் வேலைக்குப் போகிறவர் சமாளித்துவிடுவார். உடன் போகும் மனைவியோ கணவனோதான் வீட்டுக்குள் தனியாகிவிடுகிறார். பள்ளியிலோ, நான்காம் வகுப்புக்குப் பின் எந்த வகைப் பள்ளி என்று பிரித்துவிடுகிறார்கள். அதற்குள் குழந்தைக்கு ஜெர்மன் நன்றாக வந்தாக வேண்டும். ஆகவே விசாவுக்கு மனுப் போடும்போதே தம்பதியர் இருவரும் மொழி வகுப்பில் சேர்வது அவசியம்.

பெற்றோர்களும் தங்கள் நிலையை உணர வேண்டும். பார்வையாளர் விசாவில் 180 நாட்களில் 90 நாட்கள்தான் தங்கலாம். 2024 மார்ச் முதல் தேதிக்குப் பின் முதன்முறையாக வேலைக்கான வசிப்புரிமை பெற்ற வல்லுநர்கள் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வயதானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு காட்டுவது எளிதன்று.

எனவே பிள்ளைகளிடம் சம்பளத்தைக் கேட்கும் முன் இவற்றைக் கேளுங்கள்: வீட்டிலிருந்து டிராம் நிறுத்தம் எவ்வளவு தூரம்? குழந்தை தனியே பள்ளிக்குப் போகுமா? மொழி வகுப்பு எப்போது தொடங்குகிறது? திருப்தியான பதில் கிடைத்தால் கவலையின்றி வழியனுப்புங்கள். ஃப்ரைபுர்க் அல்லாத ஊருக்குப் போகிறவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.