மாவின் கதை – 14: அல்வாச் சட்டியும் பாரிஸ் வைத்தியரும்

அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறினால் நீரிழிவு தணியும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிய விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். நூறு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 65 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இவ்வாரம் தேங்காய் மாவைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் நான்கு நாட்களாக என் மனத்தைப் பிடித்துக்கொண்டு விடாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருமலைராயன்பட்டினத்தில் என் அத்தை வீட்டில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டுக்கல்லில் அரைத்து, வெள்ளைத் துணியில் இட்டுப் பிழிந்து பால் எடுப்பார்கள். அந்தப் பால்தான் அல்வாவாகும்; துணியில் எஞ்சிய பிசுபிசுப்பான சக்கை மாட்டுத் தொட்டிக்குப் போகும். அதில் ஒரு பிடி எடுத்து வாயிலிட்டு மென்றால், தவிடு நீங்கிய பின்னும் ரப்பரைப் போல இழுபடும் ஏதோ ஒன்று பல்லிடையே தங்கும். அது கோதுமையின் புரதமாகிய குளூட்டன் என்பதும், நாங்கள் போற்றிச் சட்டியில் ஏற்றிய பால் முழுவதும் மாவுச்சத்து என்பதும் அந்த வயதில் எங்களுக்குத் தெரியாது.

இனி பாரிஸுக்குப் போவோம். அந்நகரத்தின் புராதனமான ஓத்தெல் தியே ஆஸ்பத்திரியில் மருந்தகத் தலைவராக இருந்த அப்போலினேர் பூஷார்தா என்பவர், நீரிழிவுக்காரர்களின் சிறுநீரில் இறங்கும் சர்க்கரை அவர்கள் உண்ணும் ரொட்டியின் மாவுச்சத்திலிருந்தே பிறக்கிறது என்று கண்டு, ரொட்டியின்றி ஒரு வேளையும் கழிக்க அறியாத தம் ஜனங்களை ரொட்டியை விடச் சொல்வதும் சாத்தியமில்லை என்று உணர்ந்து, 1841-ல் ஓர் உபாயம் செய்தார். பிசைந்த கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவிக் கழுவி, பால் போல் வழிந்த மாவுச்சத்தை ஒதுக்கிவிட்டு, கையில் எஞ்சிய குளூட்டனை எடுத்து அதில் ரொட்டி சுட்டார். என் அத்தை எறிந்ததை அவர் எடுத்தார். அவர் ஒதுக்கியதை என் அத்தை நெய்யிட்டுக் கிளறினார். செய்கை ஒன்றே. கோதுமைக்கு மாற்று எங்கே என்று உலகமெல்லாம் தேடுகிறவர்களுக்கு, முதல் மாற்று கோதுமையின் வயிற்றிலேயே இருந்தது என்பதைக் காட்டிலும் ரசமான செய்தியை இத்தொடரில் நான் இதுவரை சந்திக்கவில்லை.

அவருடைய கதை அத்துடன் முடியவில்லை. 1870 செப்டம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டன. மறு ஆண்டு ஜனவரி இறுதிவரை நகரத்துக்குள் ஆகாரம் வரவில்லை. ரொட்டியையும் அளந்து கொடுக்கும் நிலை வந்தது. ஊரே பட்டினியால் வாடிய அந்த மாதங்களில், தம்மிடம் வந்த நீரிழிவுக்காரர்கள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைந்துபோயிருப்பதைப் பூஷார்தா கவனித்தார். இன்சுலின் மனிதருக்கு மருந்தாக வர இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருந்த காலம் அது; ஆகாரத்தைக் குறைப்பதும் உடலை உழைக்கவைப்பதுமே அவர் கையிலிருந்த ஆயுதங்கள். 1739 முதல் 1954 வரை, ஆங்கிலேயர் இடையிடையே பிடித்துக்கொண்ட காலம் நீங்கலாக, எங்கள் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமே இருந்ததால், அவ்வைத்தியர் வைத்தியம் செய்த நாளில் நம் துறைமுகத்தில் பறந்ததும் அவருடைய தேசத்துக் கொடியே. அந்த உறவினால் அவர்மேல் எனக்குச் சற்று அதிக உரிமை உண்டாகிவிட்டது என்றால் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

குளூட்டன் ரொட்டி பின்னர் வியாபாரமாயிற்று. நீரிழிவுக்கு உகந்தது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற மாவுகளைச் சோதித்தவர்கள் பலவற்றில் மாவுச்சத்து நிறைந்திருக்கக் கண்டார்கள். இன்றும் பலதானிய ஆட்டா என்று எழுதிய உறையைத் திருப்பிப் பார்த்தால், முதலிலும் மிகுதியாகவும் நிற்பது பெரும்பாலும் கோதுமைதான். குளூட்டன் ஒவ்வாதவர்கள் பூஷார்தாவின் ரொட்டியைத் தொடவே கூடாது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வைத்தியரைக் கேளாமல் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். இதை ஒவ்வொரு வாரமும் எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக இரண்டு கணக்குகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய ஆய்வு 2023-ல் வெளியிட்ட முடிவின்படி, நாட்டில் வயதுவந்தோரில் நீரிழிவு உள்ளவர்கள் 11.4 சதவீதம், காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரியிலோ 26.3 சதவீதம், ஏறக்குறைய நால்வரில் ஒருவர். அதே ஆய்வின் 2025-ஆம் ஆண்டுக் கட்டுரை, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ உண்பதால் அபாயம் குறைந்ததாகக் காணவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதிக்குப் பயறு, பால் முதலியவற்றின் புரதம் இடம்பெறும்போதே குறைவு தெரிந்தது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "தம்பி, டாக்டர் ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடச் சொன்னாரு, தவறாம ஆறு சாப்பிடறேன்" என்று திருப்தியோடு சொன்னார். ஒன்றுக்கு 30 கிராம் மாவு என்று வைத்தாலும் ஆறிலும் 117 கிராம் மாவுச்சத்து. 150 கிராம் அரிசியை வடித்து உண்டதற்கு ஈடு. சொன்னதைச் சொன்னபடி செய்யும் நல்ல மனிதர் அவர். எண்ணிக்கையை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே என் வருத்தம்.

சென்ற சனிக்கிழமை திருநள்ளாற்றில் எள் தீப வாசனைக்கிடையே நின்றபோது, நவதானியத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்கு நெல், செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, சனிக்கு எள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. புல்வகைத் தானியம் இரண்டே. மற்ற ஏழில் ஆறு பயறு, ஒன்று எண்ணெய் வித்து. பயறுகளிலும் மாவுச்சத்து பாதிக்குப் பாதி உண்டெனினும், புரதம் கோதுமையைப்போல் இருமடங்கு, சர்க்கரை ஏறுவதும் மெதுவாகவே. எள்ளிலோ மாவுச்சத்து அற்பம். பாதி எண்ணெய், ஐந்தில் ஒரு பங்குக்கு அருகே புரதம். ஒன்பதில் இரண்டு தானியங்களை மட்டும் தட்டில் நிரப்பி, மற்ற ஏழையும் கரண்டியளவில் வைத்துவிட்டோம். பாதாம் மாவில் ரொட்டி சுடலாம் என்று பூஷார்தாவின் காலத்திலேயே லண்டனில் பேவி என்ற வைத்தியர் சொன்னார். பாதாமின் விலை கட்டாத நமக்கு எள்ளும் நிலக்கடலையும் இருக்கின்றன.

தேங்காய் மாவுக்கு இடமில்லாமல் போயிற்று. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை ஒரு படி, இதை எழுதும்போதே எங்கள் மொட்டைமாடியில் காய்கிறது. அதை அரைத்து, முட்டை சேர்த்து, கல்லில் அடை வார்த்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.