கணவரின் பெயரைச் சொல்ல முடியாத மேடை

வாலன்டினா சிஸ்தியகோவா 1918 முதல் 1959 வரை உக்ரைனிய மேடையில் நடித்தவர். அந்த நாற்பது சொச்சம் ஆண்டுகளில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு, தன்னை நடிகையாக்கிய மனிதரின் பெயரைச் சொல்ல முடியாத மேடையில் அவர் நடித்தார். அந்த மனிதர் லெஸ் குர்பாஸ். நாடக இயக்குநர், சிஸ்தியகோவாவின் கணவர். ஸ்டாலின் காலத்து அடக்குமுறையில் தப்பியவர்கள் என்றதும் முகாம்களிலிருந்து மீண்டவர்களே நினைவுக்கு வருவார்கள். சிஸ்தியகோவா முகாமுக்குப் போனவர் அல்லர். கணவரைக் கொண்டுபோன அரசு மனைவியை மேடையிலேயே விட்டுவைத்தது. பட்டமும் கொடுத்தது. இதுவும் ஒருவகைத் தப்பித்தல்தான். அதற்கு என்ன விலை என்பதை அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் புரியும்.

அவர் பிறந்தது உக்ரைனில் அல்ல. 1900 ஏப்ரல் 18 அன்று மாஸ்கோவில். முதலில் கற்றது நடிப்பும் அல்ல, நடனம். அன்னா பாவ்லோவாவுடன் இணைந்து ஆடிப் புகழ்பெற்ற மிக்கயில் மோர்த்கின் கீவ் நகரில் நடத்திய பாலே பள்ளியில் பயின்றார். 1918இல், பதினெட்டு வயதில், ‘இளம் நாடக அரங்கு’ என்ற குழுவில் சேர்ந்தார். அதன் தலைவர்தான் குர்பாஸ். அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்த கலீசியாவின் சாம்பிர் நகரில், ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட நடிகத் தம்பதிக்கு 1887இல் பிறந்தவர்; வியன்னாவிலும் லிவிவிலும் பல்கலைக்கழகப் படிப்பு. மேல்நாட்டு நாடகங்களின் போக்கை அறிந்தவர். உக்ரைனிய நாடகம் என்றால் கிராமத்துக் காதல், பாட்டு, குடிகாரக் கோமாளி என்று இருந்த வழக்கத்தை உடைக்க வந்தவர். 1918இல் அந்தக் குழு சோபாக்ளீசின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தை உக்ரைனிய மொழியில் மேடையேற்றியது. அடுத்த ஆண்டு சிஸ்தியகோவாவும் குர்பாசும் மணந்துகொண்டார்கள். இருவருக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம்.

அது உள்நாட்டுப் போர்க்காலம். கீவ் நகரம் சில ஆண்டுகளுக்குள் பத்து முறைக்கு மேல் கைமாறியது. ஒவ்வோர் ஆட்சியும் போகும்போது ரொட்டியும் விறகும் இன்னும் கொஞ்சம் குறைந்தன. இந்த நிலையில்தான் 1920இல் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவின் ‘ஹைதமாகி’ காவியத்தை குர்பாஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். கவிஞரின் சொற்களைப் பேச ஒரு பெண்கள் குழுவை மேடையில் நிறுத்தியது அந்தத் தயாரிப்பின் புதுமை. கதையின் நாயகி ஒக்சானாவாக சிஸ்தியகோவா நடித்தார். பசிக்குத் தப்பி குழு பிறகு கீவை விட்டுச் சிற்றூர்களுக்குப் போனது. பீலா செர்க்வா என்ற ஊரில் அதே ஆண்டு ‘மக்பெத்’ அரங்கேறியது. உக்ரைனிய மொழியில் நடந்த தொடக்ககால ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஒன்று அது.

1922 மார்ச்சில் கீவில் ‘பெரெசில்’ பிறந்தது. மார்ச் மாதத்துக்கு உக்ரைனிய மொழியில் இருந்த பழைய பெயர் அது. இதை நாடகக் குழு என்று மட்டும் சொன்னால் போதாது. ஆறு நடிப்புப் பட்டறைகள், இயக்குநர்களுக்கான ஆய்வுக்கூடம், ஓர் அருங்காட்சியகம் என்று அது விரிந்தது. கீவில் இன்றுள்ள நாடக, இசை, திரைப்பட அருங்காட்சியகத்தின் வேர் 1923இல் பெரெசில் கலைஞர்கள் சேர்த்த தொகுப்பில் இருக்கிறது. நடிகர்களுக்கு அன்றாடம் உடற்பயிற்சி, தாளப் பயிற்சி, குரல் பயிற்சி. உணர்ச்சியை அப்படியே கொட்டுவது நடிப்பல்ல. ஓர் எண்ணத்தை அசைவாகவும் ஒலியாகவும் வடிவம் மாற்றிக் காட்டுவதே நடிப்பு என்பது குர்பாசின் கொள்கை. அதை அவர் ‘உருமாற்றம்’ என்ற பொருளுள்ள சொல்லால் குறித்தார். நடனம் கற்று வந்த சிஸ்தியகோவாவின் உடல் இந்தப் பயிற்சிக்கென்றே தயாராக இருந்தது எனலாம். குழுவின் முதன்மை நடிகைகளில் ஒருவராக அவர் உயர்ந்ததை, இயக்குநரின் மனைவி என்ற ஒற்றைக் காரணத்தால் விளக்கிவிட முடியாது. கணவர் போன பிறகும் கால் நூற்றாண்டு அந்த இடம் அவரிடமே இருந்தது.

1923இல் ‘காஸ்’, ‘ஜிம்மி ஹிக்கின்ஸ்’ நாடகங்கள். 1924இல் புதிய வடிவில் ‘மக்பெத்’. குழுவின் மேடை வடிவமைப்பாளர் வதிம் மெல்லர் 1925 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். 1926இல் பெரெசில், அன்றைய தலைநகரான கார்கிவுக்கு அரசால் மாற்றப்பட்டது. அங்கே தொடக்கம் சரியில்லை. முதலில் போட்ட நாடகம் கார்கிவ் பார்வையாளர்களுக்குப் பிடிபடவில்லை. மிகோலா குலிஷ் என்ற நாடகாசிரியரின் ‘மக்கள் மலாகி’ 1928இலும் ‘மீனா மசாய்லோ’ 1929இலும் வந்தபோது அரங்கம் நிறைந்தது. கூடவே கண்டனமும் வந்தது. சோவியத் வாழ்வைக் கேலி செய்கிறார்கள், தேசியவாதம் பேசுகிறார்கள் என்று கட்சிப் பத்திரிகைகள் எழுதின.

கார்கிவில் எழுத்தாளர்களுக்கென்று கட்டப்பட்ட ஒரு குடியிருப்பு உண்டு. பெயர் ‘ஸ்லோவோ’, ‘சொல்’ என்று பொருள். 66 வீடுகள், மேலிருந்து பார்த்தால் அப்பெயரின் முதல் எழுத்தைப் போன்ற வளைவு. குர்பாஸ், சிஸ்தியகோவா, குர்பாசின் தாய் வந்தா ஆகியோர் அங்கே குடியிருந்தார்கள். குலிஷும் அங்கேதான். பெரெசிலின் இன்னொரு பெரும் நடிகையான நத்தாலியா உஸ்வீ, கவிஞரான கணவர் மிக்கயில் செமென்கோவுடன் அங்கே வாழ்ந்தார். வெந்நீர்க் குழாயும் தொலைபேசியும் இருந்த வசதியான கட்டடம். ஒரே கட்டடத்துக்குள் நாட்டின் எழுத்தாளர்கள் பலரை அடக்கி வைத்தது பின்னாளில் ரகசியப் போலீசுக்கும் வசதியாகப் போயிற்று. 1930களின் இறுதிக்குள் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் யாராவது ஒருவராவது கைதாகியிருந்தார்.

1933 பஞ்ச ஆண்டு. கிராமங்களில் தானியம் பறிக்கப்பட்டு மக்கள் இலட்சக்கணக்கில் செத்தார்கள். உக்ரைனிய மொழிக்கும் பண்பாட்டுக்கும் பத்தாண்டு இடம் கொடுத்த கொள்கையும் அதே ஆண்டு தலைகீழானது. மே 13 அன்று எழுத்தாளர் மிகோலா ஹ்விலோவி ஸ்லோவோ குடியிருப்பில் தன் வீட்டிலேயே சுட்டுக்கொண்டு இறந்தார். ஜூலையில், கல்வித் துறையை நடத்தி உக்ரைனியமயமாக்கலின் முகமாக இருந்த மிகோலா ஸ்கிரிப்னிக்கும் அதே வழியில் போனார். செப்டம்பரில் குலிஷின் ‘மக்லேனா கிராசா’ பெரெசிலில் அரங்கேறியது. கதை நடக்கும் இடம் போலந்து. ஆனால் மேடையில் தெரிந்த பசி எந்த நாட்டுப் பசி என்று கார்கிவில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்டோபர் 5 அன்று கல்வி ஆணையகம் கூடி குர்பாசைப் பெரெசிலின் தலைமையிலிருந்து நீக்கியது.

வேலையிழந்த குர்பாஸ் மாஸ்கோ போனார். அங்கே யூத நாடக அரங்கை நடத்திய சாலமன் மிகோயெல்ஸ், ‘லியர் அரசன்’ நாடகத்தை இயக்க அவரை அழைத்திருந்தார். வேலை முடியவில்லை. டிசம்பர் 26 அன்று மாஸ்கோவிலேயே குர்பாஸ் கைதானார். ஆயுதப் புரட்சிக்குத் திட்டமிட்ட உக்ரைனிய ரகசிய ராணுவ அமைப்பின் உறுப்பினர் என்பது குற்றச்சாட்டு. 1934இல் ஐந்து ஆண்டு முகாம் தண்டனை. வெண்கடல் – பால்டிக் கால்வாய் முகாமிலும், பிறகு சொலோவ்கி தீவு முகாமிலும் கைதிகளைக் கொண்டு அவர் நாடகம் போட்டார். 1937 அக்டோபரில் மூவர் குழு ஒன்று அவரை நேரில் பார்க்காமலேயே மரண தண்டனை எழுதியது. நவம்பர் 3 அன்று கரேலியாவின் சந்தர்மோக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். குலிஷ் கொல்லப்பட்டதும் அதே நாள், அதே காட்டில். சொலோவ்கியிலிருந்து கொண்டுவரப்பட்ட 1,111 கைதிகள் அக்டோபர் 27 முதல் நவம்பர் 4 வரை அங்கே தீர்த்துக்கட்டப்பட்டார்கள்.

இந்தக் கொலையைப் பற்றி எதுவும் குடும்பத்துக்குச் சொல்லப்படவில்லை. கொல்லப்பட்டவரைப் பற்றிக் கேட்டு வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த வழக்கமான பதில், ‘கடிதத் தொடர்பு உரிமையில்லாத பத்தாண்டு தண்டனை’ என்பது. கேட்டவர்கள் காத்திருந்தார்கள்.

கைதானவரின் மனைவி என்பதே 1937இல் ஒரு குற்றம். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த 00486ஆம் எண் ஆணை, ‘தாய்நாட்டுத் துரோகிகளின் மனைவியரை’ ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் முகாமில் அடைக்கச் சொன்னது. கசாக் புல்வெளியில் அப்படிப்பட்ட மனைவியருக்கென்றே ஒரு முகாம் இருந்தது. சிஸ்தியகோவாவை அந்த வலை இழுக்கவில்லை. பெரெசிலின் மற்ற இரு நடிகைகளின் பாதைகளை இங்கே ஒப்பிடலாம். கைதாகி வடக்கே சிப்யூ முகாமுக்கு அனுப்பப்பட்ட நடிகர் யோசிப் ஹிர்னியாக்கின் மனைவி ஒலிம்பியா தொப்ரொவோல்ஸ்கா, கணவரைத் தேடி அங்கேயே போய் முகாம் நாடகத்தில் நடித்தார். போருக்குப் பின் இருவரும் அமெரிக்காவில் குடியேறினார்கள். உஸ்வீ கீவ் நகரின் பிராங்கோ அரங்குக்குப் போனார். செமென்கோ 1937இல் சுடப்பட்டார். ‘வானவில்’ படத்தின் நாயகியாக உஸ்வீ சோவியத் நாடெங்கும் அறியப்பட்ட நட்சத்திரமானார். ஸ்டாலின் பரிசும் பெற்றார். ஒருவர் முகாமுக்கே போனார், ஒருவர் வேறு ஊருக்குப் போனார். சிஸ்தியகோவா மட்டும் அதே கார்கிவில், அதே சும்ஸ்கா தெருக் கட்டடத்தில், கணவர் ஒத்திகை நடத்திய அதே மேடையில் இருந்தார்.

மேடை அப்படியே இருந்தது, பெயர்தான் மாறியது. 1935இல் பெரெசில் ‘ஷெவ்சென்கோ நாடக அரங்கு’ ஆயிற்று. குர்பாசின் மாணவரான மரியான் குருஷெல்னித்ஸ்கி தலைமையேற்றார். இந்த மனிதரைத் துரோகி என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. ஆனால் குழு கலையாமல் காத்ததும், ஆசிரியரின் பயிற்சியை அவர் பெயர் சொல்லாமல் தொடர்ந்ததும் அவர்தான். 1947இல் ‘அறிஞர் யாரோஸ்லாவ்’ நாடகத்துக்காக இந்தக் குழுவுக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கிய கைகளில் பல, குர்பாஸ் பழக்கிய கைகள்.

சிஸ்தியகோவாவின் புகழ்பெற்ற வேடங்களில் இரண்டு இந்தக் காலத்தவை. ஒன்று, அஸ்த்ரோவ்ஸ்கியின் ‘புயல்’ நாடகத்தில் கத்தரீனா. மாமியாரின் கொடுமை தாங்காமல் வோல்கா ஆற்றில் விழும் பெண். மேடையில் அப்படி. வீட்டிலோ, மகன் எங்கே என்று தெரியாத மாமியாரும் கணவர் எங்கே என்று தெரியாத மருமகளும் ஒரே கூரையின் கீழ். வந்தா 1950இல் இறந்தார், மகனுக்கு என்ன ஆயிற்று என்று அறியாமலே. இன்னொரு வேடம், பால்சாக்கின் கதையை நாடகமாக்கிய ‘யூஜினி கிராந்தே’. கடல் கடந்து போனவனின் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண்ணின் கதை அது. போருக்குச் சற்று முன்பு சிஸ்தியகோவா அதில் நடித்தபோது குர்பாஸ் சந்தர்மோக் மண்ணுக்குள் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த வேடங்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அப்படி எழுதுவது கதை கட்டுவதாகும். ஆனால் அரங்கில் இருந்தவர்களில் பலருக்கு அவர் யாருடைய மனைவி என்று தெரியும். 1943இல் ‘உக்ரைன் மக்கள் கலைஞர்’ பட்டம் வந்தது.

ஸ்டாலின் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1957இல் குர்பாஸ் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். அதோடு இன்னொரு பொய் தொடங்கியது. சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் முகாமில் நோயால் இறந்ததாகக் குடும்பங்களுக்குச் சொல்லும்படி 1955இலேயே உளவுத்துறை உள்ளுத்தரவு போட்டிருந்தது. ஒரு நோயும் ஒரு தேதியும் கற்பித்து எழுதுவார்கள். சாவுகள் 1937, 38இல் குவியாதபடி தேதிகளைப் போர் ஆண்டுகளில் பரப்பிவிடுவார்கள். குர்பாசின் இறப்புச் சான்றிதழில் இருந்தது 1942 நவம்பர் 15. காரணம், மூளையில் இரத்தக் கசிவு. கணவரைக் கொன்ற அரசு, அவர் இன்னும் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்ததாக முத்திரை குத்தி மனைவியிடம் தந்தது.

1959இல் சிஸ்தியகோவா மேடையிலிருந்து விலகினார். மாணவர்களுக்கு நடிப்புக் கற்பித்தார். 1969இல் பழைய பெரெசில் இயக்குநர் வசில் வசில்கோவின் தொகுப்பில் குர்பாசைப் பற்றிய சமகாலத்தவர் நினைவுகள் கீவில் நூலாக வந்தன. சிஸ்தியகோவாவும் அதில் எழுதினார். பெயரை அச்சில் சொல்லலாம் என்றானது, ஆனால் எப்படிச் செத்தார் என்பதை எழுத முடியாது. அந்த அளவுக்குத்தான் கதவு திறந்தது. ஆயினும் ஒத்திகைகள் எப்படி நடந்தன, ஒரு காட்சி எப்படி உருவானது என்று குர்பாசின் கலையை இன்று ஆராய்பவர்களுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட நினைவுகளிலிருந்துதான் வருகிறது. தயாரிப்புகள் படமாக்கப்படவில்லை, நடித்தவர்களின் நினைவே எஞ்சிய முக்கியச் சாட்சி.

சிஸ்தியகோவா 1984 மே 19 அன்று கார்கிவில் காலமானார். குர்பாஸ் இறந்த உண்மைத் தேதி அதற்குப் பிறகுதான் ஆவணக் காப்பகங்களிலிருந்து வெளிவந்தது. இடம் தெரிய 1997 ஜூலை வரை ஆயிற்று. ‘மெமோரியல்’ அமைப்பின் ஆய்வாளர்கள் வெனியமின் யோஃபெ, இரினா ஃபிளிகெ, யூரி திமித்ரியேவ் ஆகியோர் சந்தர்மோக் குழிகளைக் கண்டுபிடித்தார்கள். கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டிய திமித்ரியேவ் 2016இல் கைதாகி ரஷ்யச் சிறையில் தண்டனை அனுபவிக்கிறார். வழக்கு ஜோடிக்கப்பட்டது என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. ஸ்லோவோ குடியிருப்பு 2022 மார்ச்சில் ரஷ்யக் குண்டுவீச்சில் சேதமடைந்தது. கார்கிவ் கல்லறைத் தோட்டத்தில் சிஸ்தியகோவாவின் கல்லறைக்கு அருகே குர்பாசுக்கும் ஓர் அடையாளக் கல்லறை எழுப்பப்பட்டிருக்கிறது. உடல் இன்னும் கரேலியாவில்தான் இருக்கிறது.