வகுப்புக் குழுவில் போட்ட மருத்துவ அறிக்கை

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய்க்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, உதவி கேட்டு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டவன் நான்தான். படிப்பவர்கள் நம்ப வேண்டுமே என்று மருத்துவமனை அறிக்கையையும் படமெடுத்துச் சேர்த்தேன். பெயர், வயது, நோயின் நிலை, கைப்பேசி எண் எல்லாம் அதில் இருந்தன. விக்கிரமங்கலத்திலும் சுற்று ஊர்களிலும் இரக்கம் உள்ளவர்கள் நிறைய. அன்று மாலையே பணம் சேரத் தொடங்கியது. படமும் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்து அந்தத் தாய் பள்ளிக்கு வந்தார். "நீங்க பண்ண உதவிய மறக்க மாட்டேன் சார். ஆனா யார் யாரோ போன் பண்றாங்க. எந்த எடத்துல வந்த நோயின்னு கேக்குறாங்க" என்றார், தரையைப் பார்த்தபடி. அழைத்தவர்களில் ஒருவர் மூலிகை மருந்து விற்பவர். ஊசியையும் கரண்ட் வைப்பதையும் நிறுத்திவிட்டு நித்தியகல்யாணிக் கசாயம் குடித்தால் மூன்றே மாதத்தில் குணம் என்று சொல்லியிருக்கிறார். மகள் என்னிடம் கேட்டாள்: "நெசமா சார்? நம்ம ஸ்கூல் வேலி ஓரமா பூத்துக் கெடக்கே, அந்தப் பூவா?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. அன்றிரவுதான் முதன்முதலாக ஒரு மருத்துவ நூலகத்துக்குள் நுழைந்தேன், கைப்பேசி வழியாக.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 'பப்மெட்' என்ற தேடுதளத்தை 1997 முதல் எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. மூன்றரைக் கோடிக்கும் அதிகமான ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்கள் அதில் உள்ளன. பலவற்றுக்குச் சுருக்கமும் உண்டு. முழுக் கட்டுரையை இலவசமாகப் படிக்க 2000இல் தொடங்கிய 'பப்மெட் சென்ட்ரல்' இருக்கிறது. ஆய்வு மொழி கடினமாக இருந்தால், பொதுமக்களுக்காக அதே நூலகம் நடத்தும் 'மெட்லைன்பிளஸ்' போதும். எளிய ஆங்கிலம், விளம்பரம் கிடையாது. நான் அறிவியல் பட்டதாரி என்றாலும் முதலில் அங்கேதான் போனேன் என்பதைச் சொல்ல வெட்கமில்லை.

மருந்து விற்பவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் அது ஆபத்தானது. நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கப்படுவது உண்மை. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர், நீரிழிவுக்கு உதவுமா என்று இந்தச் செடியை ஆராய்ந்தார்கள். இலைச் சாறு கொடுத்த எலிகளுக்கு இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தில் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து பின்னர் பிரிக்கப்பட்ட வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் பயன்படுகிறது. ஆனால் அதை ஓரிரு மில்லிகிராம் அளவில், அளந்து, இரத்தக் குழாய் வழியாக, இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத்தான் செலுத்துகிறார்கள். அளவு மிஞ்சினால் நரம்புகள் கெடும். கசாயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளப்பது? மேலும் எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே மருந்து கிடையாது. இதை மாணவியிடம் வரைபடம் போட்டு விளக்கினேன். அவள் வீட்டில் போய் விளக்கினாள். சிகிச்சை நிற்கவில்லை.

தேடும்போது கண்ணில் பட்ட இன்னொன்று நம் மாநிலத்தைப் பற்றியது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்த ஆய்வு, 2007இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். நம் ஆய்வகத்தில் இருக்கும் அதே அமிலம்தான். பெரிய கருவி எதுவும் இல்லை. இந்தச் சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் ஏற்பட்ட இறப்பு, மற்ற பகுதிகளைவிட 35 சதவீதம் குறைந்தது. அரசு மருத்துவமனைகளில் இச்சோதனை இலவசம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது அம்மாக்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் நான்கைந்து பேர் எங்கள் ஆசிரியை ஒருவரைத் தனியாக அழைத்து, எங்கே போக வேண்டும் என்று கேட்டார்கள். பத்தாம் வகுப்பில் 'உடல்நலமும் நோய்களும்' பாடம் நடத்துவோர் இந்த ஆய்வைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மாணவர்களோடு இப்படித் தேடும்போது இரண்டே கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன். சோதித்தது எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரிடம்? 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று வரும் பகிர்வுகளில் பெரும்பாலானவை முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். உதவி கேட்க நோயின் பெயரே தேவையில்லை, 'ஒரு தாயின் சிகிச்சைக்கு' என்றாலே போதுமானது. அறிக்கையைத் தலைமையாசிரியரும் நானும் பார்த்து உறுதிசெய்திருந்தால் யாரும் படம் கேட்டிருக்க மாட்டார்கள். அனுப்பியே தீர வேண்டிய இடத்தில், பெயரையும் எண்ணையும் தாளால் மறைத்துவிட்டுப் படமெடுங்கள். கைப்பேசியில் இருக்கும் வண்ணப் பேனாவால் அழித்தால், வெளிச்சத்தைக் கூட்டும்போது சில சமயம் எழுத்து தெரிந்துவிடுகிறது. முயன்று பார்த்தேன்.

தேடுவதிலும் கவனம் வேண்டும். ஒரே கைப்பேசியை வீடே பயன்படுத்தும் ஊர் நம்முடையது. மகள் நோயைப் பற்றித் தேடினால், தம்பி விளையாட்டுக் காணொளி பார்க்கும்போது புற்றுநோய் விளம்பரம் வந்து நிற்கும். இன்காக்னிட்டோ முறை கைப்பேசியில் தேடல் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நாம் போகும் தளத்துக்கும் இணையம் தரும் நிறுவனத்துக்கும் அது மறைக்காது. பப்மெட்டில் தேடக் கணக்கு தொடங்கவே தேவையில்லை என்பது இந்த வகையில் ஒரு வசதி.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் சொன்னது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவிதியாக வைக்கிறது. நாமோ உதவித்தொகைக்காக ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் 'குரூப்ல போட்டு விடுங்கம்மா' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நான் இப்போது நேரில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். வேலை கூடுதல்தான்.

அந்தத் தாய் எண்ணை மாற்றிவிட்டார். சிகிச்சை முடிந்து, இப்போது தொடர் பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறார். இதை எழுதலாமா என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்தார். "எழுதுங்க சார். பேரும் வேணாம், எந்த வகுப்புன்னும் வேணாம்" என்றார்.