ஆறாத புண்ணுக்கு அன்றாடப் பணிவிடை



எங்கள் ஆரணியில் நெசவாளர் வீடுகள் பெரும்பாலும் சிறியவை. தறி நிற்கும் கூடத்திலேயே உறக்கமும் நடைபெறும். அத்தகைய வீட்டில் ஒருவருக்குக் கன்னத்திலோ மார்பிலோ புற்றுக்கட்டி வெடித்துப் புண்ணாகிவிட்டால், வலிக்கு முன்னதாக நாற்றமே அவரைத் தனிமைப்படுத்திவிடுகிறது. பேரக் குழந்தைகள் அருகே வரத் தயங்குவர். நோயாளியும் அதனை அறிவார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

இந்நாற்றம் எதனால் எழுகிறது? விரைந்து வளரும் கட்டிக்குப் போதிய இரத்தம் எட்டுவதில்லை. ஆதலின் திசுக்களில் ஒரு பகுதி மடிகிறது. மடிந்த திசுவில், பிராணவாயு இன்றியே வாழவல்ல நுண்கிருமிகள் பெருகித் துர்நாற்றப் பொருள்களை வெளிவிடுகின்றன. பாவமோ சாபமோ இதற்குக் காரணமன்று. புற்றுநோய் அருகிருப்போரைத் தொற்றுவதும் இல்லை. அக்கிருமிகளை மெட்ரோனிடசோல் என்னும் மலிவான மருந்து அடக்கும். மருத்துவர் சொற்படி அம்மாத்திரையை நுண்பொடியாக்கிப் புண்ணின்மேல் தூவிவந்தால், சில நாள்களில் நாற்றம் பெரிதும் தணியும். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் நோவு தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அதன் வழியில் கேரளத்துச் செவிலியரும் தொண்டர்களும் வீடுதோறும் சென்று, இத்தகைய எளிய முறைகளைக் குடும்பத்தாருக்கே கற்பித்தனர்.

இப்புண் பெரும்பாலும் ஆறாது. ஆற்றுவது நம் நோக்கமும் அன்று. நோயாளி நோவின்றி, நாலு பேருடன் இருக்க வேண்டும், அவ்வளவே.

கட்டு மாற்றுவதற்கு அரைமணி முன்னரே, மருத்துவர் குறித்த வலி மருந்தைக் கொடுத்துவிடுக. உலர்ந்த கட்டைப் பிய்த்தெடுப்பது கொடுமை. கொதித்தாறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதனால் நனைத்து, கட்டு தானே நெகிழ்ந்தபின் எடுக்க வேண்டும். புண்ணைத் தேய்க்காமல் அந்நீரையே மெல்ல வார்த்துக் கழுவுக. ஸ்பிரிட் வேண்டா, எரியும். பட்டுக்குப் பெயர்போன ஊரிலிருந்து சொல்கிறேன், பட்டுத்துணி இதற்கு உதவாது! நீரை உறிஞ்சும் பழைய பருத்தி வேட்டியே உகந்தது. அதனைத் துவைத்து, நறுக்கி, குக்கரில் ஆவிகாட்டி உலர்த்திக்கொள்ளலாம். ஒட்டாதிருக்கச் சிறிது வாசலின் தடவுக. ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். ஆகவே புண் எப்போதும் மூடியிருத்தல் வேண்டும்.

இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நில்லாவிடில் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். கருஞ்சிவப்புத் துண்டொன்று கைவசம் இருப்பது நல்லது. வெள்ளைத் துணியில் சிறிது இரத்தமும் பெருவெள்ளமாகத் தோன்றி நோயாளியைக் கலங்கச் செய்யும்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிற்கே வந்து செய்யும் நோவு தணிப்புப் பணியும் சேர்க்கப்பட்டது. உங்கள் தெருவில் இத்தகைய நோயாளி இருப்பின், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று விவரம் கேட்டு வருதல் மாணவர்களாகிய உங்களாலேயே இயலும்.